எஸ்ஸா, இஸட்டா

போன மாதம் கோர்ட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஸ்டெனோவாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம். என்னை நேரில் பார்த்ததில்லை. நீதிபதி பேசப் பேச அதுவே கேட்டு டைப் அடித்துக்கொள்ளும் மென்பொருள் அவர்கள் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. வேலை குறையும் என்று சொல்லித்தான் வைத்தார்களாம். இப்போது அது அடித்ததைத் திருத்துவதற்கே மதியச் சாப்பாடு தள்ளிப் போகிறது என்றாள்.

“மேடம், உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்குதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. காதுக்கு ஒரே மாதிரி இருக்கற இங்கிலீஷ் வினைச்சொல்லுங்கள எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களாம். மெஷினு அதுங்களத்தான் மாத்தி மாத்தி அடிக்குதுங்க. போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்களா?”

அனுப்பினேன். மறுநாள் திரும்பக் கூப்பிட்டாள்.

“எல்லாத்துக்கும் ஒரு வரி, ரெண்டு வரிதான் எழுதியிருக்கீங்க. ‘ரெய்ஸ்’ஸுக்கு மட்டும் ஒரு பக்கம் பூரா இருக்குது. அது ஏனுங்க?”

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. அதியமான்கோட்டையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு. நாள் பூரா லாரிச் சத்தம். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. விரல் கணுக்கள் வீங்கிப் போய்ச் சட்டைப் பித்தான் போடவே நேரமாகிறது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. எழுதிவிட்டால் மனசிலிருந்து இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். எந்த ஊர்க் கோர்ட், எந்த வருடம் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

காரிமங்கலத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் ராகியும் துவரையும் போட்டுப் பிழைத்த வீடு எங்களுடையது. பிளஸ் டூ முடித்ததும் தர்மபுரியில் ஒரு மாடியில் நடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்து டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் ஹையர் பாஸ் பண்ணினேன். வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இங்கிலீஷ் எனக்குக் காது வழியாக மட்டும் வந்த பாஷை. சொன்னதை எழுதத் தெரியும், நானாகப் பேசத் தெரியாது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

சுருக்கெழுத்து தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் எழுத்துக்கூட்டிப் போடுவதில்லை, சத்தத்தைக் கோடாகப் போடுவோம். வேகம் வேண்டுமென்றால் உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிகளை மட்டும் போடுவோம். ஆகவே ‘லிவ்’ என்றாலும் ‘லீவ்’ என்றாலும் என் நோட்டில் ஒரே கோடுதான். ஒருத்தி புருஷனோடு வாழ்கிறாளா, புருஷனை விட்டுப் போகிறாளா என்பதைத் திரும்ப டைப் அடிக்கும்போது முன்பின் வாக்கியத்தைப் பார்த்து நான்தான் முடிவு செய்ய வேண்டும். ‘அடாப்ட்’ என்றால் தத்து எடுப்பதா, மாற்றிக்கொள்வதா? ‘அக்செப்ட்’ ஒத்துக்கொள்வது, ‘எக்செப்ட்’ விலக்கி வைப்பது. தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்த வழக்குகள் ஓயாமல் வரும். லாரி கிடந்தது என்பதற்கு ‘லையிங்’ என்று அடிக்காமல் ‘லேயிங்’ என்று அடித்துவிட்டால், “லாரி எத்தன முட்ட போட்டுச்சுங்க?” என்று வக்கீல்கள் கேட்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக அடி வாங்கித்தான் அந்த நோட்டு நிறைந்தது.

‘ரெய்ஸ்’ அடியை வாங்கியது என் மூன்றாவது வருடத்தில். அப்போதிருந்த நீதிபதி உரக்கப் பேசுபவர். ஓர் அடிதடி வழக்கில், எதிரிகள் குடிசையைத் தரைமட்டமாக்கினார்கள் என்று சொன்னார். இங்கிலீஷில் அதற்கு ‘ரெய்ஸ்’ என்று ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ‘ரெய்ஸ்’ கையைத் தூக்குவது, சுவர் எழுப்புவது, குரலை உயர்த்துவது. நடுவில் எஸ் வருவது. அதையே அடித்தேன். இடிப்பதற்கான சொல்லுக்கு இஸட். சத்தம் இரண்டுக்கும் ஒன்றேதான். வெள்ளைக்காரர்கள் சொன்னாலும் அப்படித்தான் என்று பிறகு அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் கோர்ட் கூடியதும் அவர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். “ஏம்மா, குடிசைய எழுப்பித் தரமட்டம் ஆக்கினாங்களா? எப்படின்னு கொஞ்சம் எங்களுக்கும் காட்டேன்” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. கூண்டில் நின்ற எதிரிகளில் ஒருவன், என்னவென்றே தெரியாமல், அவனும் சிரித்தான். சிரித்தவர்களில் அவன் முகம்தான் இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது.

அன்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். வீடு, சுவர், குடிசை, இடிப்பு என்று வந்து பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் இஸட். யோசிக்கக் கூடாது, விரல் தானாகப் போக வேண்டும். அப்படியே பழக்கினேன். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லில் எனக்குத் தப்பு வரவில்லை.

பிறகு வேறு கோர்ட்டுக்கு மாற்றலானேன். அங்கிருந்த முன்சீப் ஐயா முதல் நீதிபதிக்கு நேர் எதிர். ஒல்லியானவர், எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. யாரையும் ‘நீ’ என்று பேச மாட்டார். வாசலில் நிற்கும் டவாலியைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். தீர்ப்பு சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். குரல் மேலேயும் போகாது, கீழேயும் போகாது, தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஆனால் சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார். ஒரு தடவை நான் “ஐயா, கடைசி வரி...” என்று இழுத்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். கோபமில்லை. விட்ட இடம் அவருக்குத் தொலைந்துபோயிருந்தது. அந்தப் பத்தியையே முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

டைப் அடித்த தாள்களை அவர் மேஜையில் வைப்பேன். பேனா மூடியை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். உதடு அசையும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பென்சிலால் வட்டம் போடுவார். கடைசியில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அப்புறம் தீர்ப்பின் கடைசிப் பத்தியை வைத்து டிக்ரி எழுதுவார்கள், யார் எதைச் செய்ய வேண்டும் என்ற கட்டளை அதுதான். நகல் கேட்டு மனுப் போட்டவர்களுக்கு நகல் பிரிவில் அடித்துக் கொடுப்பார்கள். நகல் சரியா என்று ஒத்துப் பார்க்க ஒரு முறை உண்டு. ஒருவர் நகலை வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தோன்றியதேயில்லை.

ஜமீலாவின் வழக்குக்கு வருகிறேன். ஜமீலாவும் அவர் கணவர் காதரும் மெத்தை தைப்பவர்கள். காரிமங்கலம் சந்தைக்கு இலவம்பஞ்சு தலையணையும் மெத்தையும் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு மேற்கே ஒரு சுவர், அந்தச் சுவரின்மேல் சாய்த்து ஓடு போட்ட கொட்டகை. பஞ்சு அடிப்பது, தைப்பது, அடுக்குவது எல்லாம் அதில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் காதரின் பெரியப்பா மகன் ரஹீம் மரக்கடை வைத்திருந்தார். லாரி உள்ளே திரும்ப இடம் போதவில்லை. ஒரு நாள் ஆட்களைக் கூட்டிவந்து சுவரின் முன்பகுதியை இடித்துவிட்டார். சுவர் தன் நிலத்தில் இருப்பதாகச் சொன்னார். அளந்து பார்த்ததில் அது ஜமீலாவின் நிலம் என்று தெரிந்தது. மூன்று வருடம் வழக்கு நடந்தது. ஜமீலா ஒரு வாய்தாவும் விட்டதில்லை. ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருப்பார்.

தீர்ப்பு ஜமீலாவுக்குச் சாதகம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், நான் எழுதினேன். பிரதிவாதி சுவரின் ஒரு பகுதியை இடித்தது நிரூபணமாகிறது என்று ஒரு வரி. அதில் ‘ரெய்ஸ்’ வந்தது. அடுத்த பத்தியில், பிரதிவாதி இரண்டு மாதத்துக்குள் தன் செலவில் தாவாச் சுவரை எழுப்ப வேண்டும் என்று கட்டளை. அதிலும் ‘ரெய்ஸ்’ வந்தது. இரண்டுக்கும் என் நோட்டில் ஒரே குறி. மேல்நோக்கி ஒரு சின்னக் கோடு, முடிவில் ஒரு வட்டம்.

டைப் அடித்தபோது நான் களைப்பாக இருந்தேன் என்று பின்னால் சிலர் எனக்காகச் சொன்னார்கள். அது உண்மையில்லை. காலை நேரம், நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தேன். சுவர் வந்தது, இடிப்பு வந்தது, அந்தச் சத்தம் வந்தது. முதல் இடத்தில் விரல் இஸட்டுக்குப் போனது, அது சரி. இரண்டாவது இடத்திலும் இஸட்டுக்குப் போனது.

ஐயா பேனா மூடியை நகர்த்திப் படித்தார். உதடு அசைந்தது. கையெழுத்துப் போட்டார். டிக்ரியில் அதே சொல் ஏறியது. நகல் பிரிவில் ஒருவர் ‘ரெய்ஸ்’ என்று படித்தார், இன்னொருவர் ‘ரெய்ஸ்’ என்று கேட்டுத் தலையாட்டினார். நகல் இரண்டு தரப்புக்கும் போனது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஐந்தாறு வாரம் கழித்து, ஒரு மழை நாளில் ஜமீலாவும் காதரும் வந்தார்கள். கோர்ட் இன்னும் கூடவில்லை. ஹாலில் நான் மட்டும் இருந்தேன். ஜமீலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாங்க ஜெயிச்சமா, தோத்தமா?”

“ஜெயிச்சீங்கம்மா. வக்கீல் சொல்லலீங்களா?”

“சொன்னாருங்க. அப்பறம் ஏன் மேடம் செவுத்த இடிச்சாங்க?”

எனக்குப் புரியவில்லை. ரஹீம்தான் முன்னாலேயே இடித்தாரே, அதைச் சொல்கிறாரா என்று கேட்டேன்.

“அது பழைய கதைங்க. வெள்ளிக்கெழம வந்தாங்க. மிச்சமிருந்த செவுரு அத்தனையும் போயிருச்சு. புல்டோசரு வெச்சு. ரஹீமண்ணன் கையில இந்தக் காயிதம். ‘உங்க கேசுதான, கோர்ட்டு என்னையவே இடிக்கச் சொல்லியிருக்குது, என் செலவுல இடிக்கறேன்’னு சொன்னாருங்க.”

பஞ்சுத் தூசியில் கெட்டுப்போன நெஞ்சு காதருக்கு. இருமினால் நிறுத்த நேரமாகும். இருமிக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து நகலை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

“நீங்க தடுக்கலீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜமீலா என்னைப் பார்த்தார். “கோர்ட்டு சொன்னதுக்கு எப்படிங்க குறுக்க நிக்கறது? எழுத்துல இருக்குதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. நாங்க ஒதுங்கி நின்னு பாத்துக்கிட்டிருந்தோம். நானுந்தான் கொட்டாயில இருந்த சாமானத்த எடுத்து வெளிய போட்டுக் கொடுத்தேன். ஓடெல்லாம் எறங்கிருச்சு. சாயங்காலமே மழ புடிச்சுக்கிச்சு. பஞ்சு பூரா ஊறிப்போச்சுங்க.”

பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நகல்தான், நான் அடித்த தாள் இல்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்தது. மூலத்தில் இல்லாத எழுத்தை நகல் பிரிவில் யாரும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அந்த வரியில் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் இஸட் இருந்தது.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பையைத் திரும்பச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். “வக்கீலப் பாருங்கம்மா. அவருதான் சொல்லணும்” என்றேன். அவ்வளவுதான். தலையாட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்கள். என் குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கவும் தோன்றவில்லை.

ரெக்கார்டிலிருந்து மூலத்தை எடுத்துப் பார்த்தேன். இஸட்தான். என் சுருக்கெழுத்து நோட்டைத் தேடி எடுத்தேன். கோடு, வட்டம். அதைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஐயா எழுப்பச் சொன்னாரா, இடிக்கச் சொன்னாரா என்று அந்தக் குறிக்குத் தெரியாது.

சிரஸ்தாரிடம் சொன்னேன். அலுவலகத்துக்குத் தலைமை அவர். கெட்ட மனிதரில்லை, ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சரோஜா, கேளும்மா. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டவரு ஐயா. டிக்ரி எழுதினவங்க இருக்காங்க, ஒத்துப் பாத்தவங்க இருக்காங்க. அத்தன பேரும் வுட்டதுக்கு நீ ஏன் முன்னால போய் நிக்கற? அவங்க வக்கீல் வந்து மனுப் போடட்டும். அப்ப பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள அப்பீல் காலம் போயிருமேங்க.”

“போனாப் போவுது. உன் நோட்டுல தப்புன்னு யாரு சொல்ல முடியும்?”

அவர் எனக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் அதைச் சொன்னார். யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். வழக்கம்போல் டைப் அடித்தேன், வழக்கம்போல் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலை, கோர்ட் கூடுவதற்கு முன்னால் நோட்டையும் மூலத்தையும் எடுத்துக்கொண்டு ஐயாவின் அறைக்குப் போனேன்.

“ஐயா, மெத்தைக்காரங்க தாவாவுல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க.”

“படிங்க” என்றார்.

நோட்டைப் பார்த்துக் கடைசிப் பத்தியைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“சரியாத்தானே இருக்கு. நான் சொன்னது இதுதான்.”

“சத்தம் சரிதாங்க ஐயா. எழுத்துதான் தப்பு.”

மூலத்தை அவர் முன்னால் வைத்து அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தேன். அவர் குனிந்தார். பேனா மூடியை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். அது அங்கேயே நின்றது. வெளியே டவாலி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தச் சுவரு?”

“இடிச்சுட்டாங்க ஐயா. முழுசா.”

கண்ணாடியைக் கழற்றினார். “நான் படிச்சேனே” என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “இந்த நோட்ட வேற யாராவது பாத்தாங்களா?” என்று கேட்டார்.

அதைக் கிழித்துவிடச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “சிரஸ்தார்கிட்ட சொன்னேங்க ஐயா” என்றேன்.

“பத்திரமா வெச்சிருங்க. கேப்பாங்க. நடந்தத அப்படியே ஒரு வாக்குமூலமா எழுதிக் கொடுங்க. எதையும் கூட்டாதீங்க, கொறைக்காதீங்க.”

எழுத்துப் பிழையைக் கோர்ட் தானாகவே திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாக வேண்டும். ரஹீமின் வக்கீல் எழுந்து, கோர்ட்டின் கட்டளையை வரி பிசகாமல் நிறைவேற்றிய கட்சிக்காரரை இப்போது குற்றம் சொல்வது எப்படி என்று கேட்டார். தீர்ப்பு முழுவதையும் படித்த எவருக்கும் அந்தச் சொல் தப்பு என்று தெரிந்திருக்கும். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஐயா அதே குரலில்தான் பேசினார். “சொன்னது நான். அடிச்சது எங்க ஸ்டெனோ. படிச்சுக் கையெழுத்துப் போட்டதும் நான். இது கோர்ட்டோட தப்பு. வாதியோடதும் இல்ல, பிரதிவாதியோடதும் இல்ல. ஆனா வக்கீல் சார், உங்களுக்கு அந்தக் கடைசி வரி மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா?” வக்கீல் உட்கார்ந்தார். ஜமீலா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் கையில் தையல் இல்லை.

திருத்தம் வந்தது. அதை எதிர்த்து ரஹீம் அப்பீல் போனார். அது தள்ளுபடியாக இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை மேற்குப் பக்கம் தார்ப்பாய்தான். எனக்குக் கண்டனம் எழுதிய மெமோ வந்தது, பிறகு மாற்றல் வந்தது. ஐயாவிடம் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள் என்று காதில் விழுந்தது. அவருக்கு அடுத்திருந்தவர்கள் பதவி உயர்ந்து போனார்கள், அவர் அதே நாற்காலியில் இன்னும் சில காலம் இருந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. நான் அங்கே இருந்த கடைசி மாதங்களில் ஒரே ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். இங்கிலீஷில் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வருவார். யார் என்ன செய்ய வேண்டும் என்ற பத்தி வந்ததும் நிறுத்திவிடுவார். ஒரு தாளை எடுத்து அதை மட்டும் தன் கையால் தமிழில் எழுதி என்னிடம் நீட்டுவார். வந்திருக்கும் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கவும் சொல்வார். அதனால் கோர்ட் நேரம் போகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

சுவர் எழும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, பார்க்கவா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. காதர் சந்தைக்குப் போயிருந்தார். ஜமீலா கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பெரிய மெத்தை ஒன்றின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஊசி போய் வந்துகொண்டிருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த எழுத்தை அடித்தது நான்தான் என்று சொன்னேன். மழையன்று எல்லாம் தெரிந்த பிறகும் வக்கீலைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

“தெரியுங்க. அன்னிக்கே உங்க மூஞ்சியில தெரிஞ்சுது” என்றார்.

சுவரைப் பார்த்தேன். புதுச் செங்கல், பூச்சுக்கூட இல்லை. ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. கொட்டகைக்குள் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. ஓடு ஜமீலாவின் தலைக்கு ஒரு சாண் மேலே இறங்கி நின்றது. பஞ்சு அடிக்கும் ஆளுயர வில்லை நிமிர்த்த அங்கே இடமில்லை. பஞ்சு அடிப்பதை அவர்கள் வாசலில் வெயிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

“முன்ன இவ்வளவுதான் இருந்துச்சுங்களா?”

“எங்கீங்க. இன்னும் மூணு அடி இருந்துச்சு. எழுப்பச் சொன்னாங்க, எழுப்பிட்டேன்னாரு ரஹீமண்ணன். எவ்வளவு உசரம்னு காயிதத்துல இல்லையாம்.”

இல்லைதான். தீர்ப்பில் உயரம் சொல்லப்படவில்லை. ஐயா சொல்லவில்லை, நான் அடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரு எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

“இதுக்கு மனுப் போடலாம்மா. கோர்ட்டு அமீனாவ அனுப்பி அளக்கச் சொல்லலாம். நானே எழுதித் தர்றேன். தமிழ்லயே எழுதலாம்” என்றேன். என் குரல் அவசரப்பட்டது எனக்கே கேட்டது.

ஜமீலா ஊசியை நிறுத்தினார். அன்று முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வேணாங்க மேடம். இன்னொரு காயிதம் வேணாம். இதாச்சும் நிக்கட்டும்.”

நின்றுகொண்டே இருந்தேன். மெத்தையின் ஒரு மூலை அவர் மடியிலிருந்து நழுவி விரிந்தது. அதைத் தூக்கி என் பக்கமாக நீட்டினார்.

“சும்மா நிக்கறீங்களே, இந்த ஓரத்த இறுக்கிப் புடிங்க. அவரு இல்லாம ஒத்தக் கையில வர மாட்டேங்குது.”

கீழே உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அவர் தைத்துக்கொண்டே என் பக்கமாக நகர்ந்து வந்தார். விரல் வலித்தது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வரை நான் விடவில்லை.